கழித்தல் கற்பிக்கும்போது குழந்தையின் சொந்த வழியைக் கேட்டறிதல்: முழுமையான வழிகாட்டி

ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கழித்தல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் கூட அமரும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. முறையைக் கற்பிப்பதற்கு முன்பே குழந்தை தன் போக்கில் கணக்கை எப்படிப் போடுகிறது என்பதைப் பார்த்து, கேட்டு, குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அடுத்த கணக்கைத் தேர்ந்தெடுப்பது வரையிலான வேலை இங்கே வரிசைப்படுத்தப்பட்டுள்ளது.

புதிதாக இதில் இறங்குபவர்கள் கேள்வி கேட்கும் இடத்தில் அதிகம் தடுமாறுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றில்தான் தடுமாறுகிறார்கள். பொருந்தாத கணக்கைக் கொடுத்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. கேட்ட பிறகு அடுத்த கணக்கை மாற்றாவிட்டால், கேட்டதால் ஒரு பயனும் இருக்காது.

1. உட்காருவதற்கு முன் தயார் செய்ய வேண்டியவை

ஒரே அளவிலான மணிகளோ கூழாங்கற்களோ இருபத்தைந்து, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் ஆறு ஏழு கட்டு, தனிக் குச்சிகள் இருபது, கோடு போடாத தாள், பென்சில், உங்களுக்கென ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். குச்சிக் கட்டுகள் எளிதில் அவிழ்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும். 52-இலிருந்து 27-ஐ எடுக்கும் குழந்தை ஒரு கட்டை அவிழ்க்கிறதா, அவிழ்க்கத் தயங்குகிறதா என்பது நமக்கு வேண்டிய முக்கியமான செய்திகளுள் ஒன்று.

பொருள்களைக் குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் அதன் நேர்முன்னே இல்லாமல், சற்று ஓரமாக வைக்கவும். முன்னால் குவித்து வைத்தால், தேவைப்படாத குழந்தையும் நீங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று எண்ணி எடுத்துக்கொள்ளும்.

குழந்தைக்கு எதிரே அமராமல் பக்கவாட்டில் அமரவும். சிறு குழந்தைகள் பலர் மேசைக்கு அடியில், மடியில் கை வைத்துக்கொண்டு விரல் எண்ணுவார்கள். விரல் எண்ணியதற்கு முன்பு எப்போதோ அதட்டல் வாங்கிய குழந்தை கட்டாயம் கையை மறைக்கும். அந்தக் கை தெரியாவிட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை தேவை. 20-இலிருந்து கீழ்நோக்கி எண்ணச் சொல்லிப் பாருங்கள். கீழ்நோக்கி எண்ணவே வராத குழந்தை கழித்தலில் திணறினால், அதைக் கழித்தல் புரியாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்குழந்தை பொருள்களை வைத்தோ மேல்நோக்கி எண்ணியோ கழித்தலைச் செய்துவிடக்கூடும்.

2. கதையைத் தேர்ந்தெடுத்தல்

12 − 9 என்று எழுதிக் காட்டித் தொடங்காதீர்கள். கழித்தல் குறி, குழந்தையிடம் 'எடு' என்ற ஒரே கட்டளையாகப் போய்ச் சேருகிறது. அதன் சொந்த வழி வெளிப்படுவதற்கு இடமே இல்லாமல் போகிறது. கதையாகச் சொன்னால், கதையில் நடப்பதைக் குழந்தை அப்படியே நடித்துப் பார்க்கும். எனவே எந்தக் கதையைச் சொல்கிறோமோ அதுதான் எந்த வழி வெளிவரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஒரே இரண்டு எண்களுக்கு மூன்று கதைகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தல்: உன்னிடம் 12 மணிகள் இருந்தன. 9 மணிகளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாய். இப்போது உன்னிடம் எத்தனை?

நிரப்புதல்: உன்னிடம் 9 மணிகள் இருக்கின்றன. 12 ஆக வேண்டுமானால் இன்னும் எத்தனை வேண்டும்?

ஒப்பிடுதல்: உன்னிடம் 12 மணிகள், தம்பியிடம் 9 மணிகள். உன்னிடம் எத்தனை அதிகம்?

முதல் கதையில் குழந்தை 12 வைத்து 9 எடுக்கும். இரண்டாவதில் 9 வைத்து, 12 ஆகும்வரை சேர்க்கும். மூன்றாவதில் இரண்டு வரிசைகளாக அடுக்கி, ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்து, ஜோடி இல்லாமல் நிற்பவற்றை எண்ணும். பெரியவர்களாகிய நமக்கு மூன்றும் ஒரே கணக்கு. குழந்தைக்கு அவை மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள். எடுத்தல் கதையை மட்டுமே திரும்பத் திரும்பக் கொடுத்துவிட்டு, 'இந்தக் குழந்தைக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது' என்று முடிவு கட்டுவது புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணும் பிழை.

தொடக்கத்தில் எத்தனை இருந்தன என்று கேட்கும் கதையை ('கொஞ்சம் மணிகள் இருந்தன, 4 கொடுத்தாய், 7 இருக்கிறது, முதலில் எத்தனை?') பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிகளை எடுத்து வைத்து நடிப்பைத் தொடங்குவது என்பதே தெரியாததால், பொருள் வைத்துப் போடும் குழந்தை அங்கே முதல் அடியிலேயே நின்றுவிடும்.

'மீதி என்றால் கழி, மொத்தம் என்றால் கூட்டு' என்ற குறிச்சொல் பாடத்தைத் தயவு செய்து தொடங்கி வைக்காதீர்கள். அந்தப் பாடத்தை நம்பிய குழந்தை, மேலே உள்ள ஒப்பிடும் கதையில் 'அதிகம்' என்ற சொல் காதில் விழுந்ததும் 12-ஐயும் 9-ஐயும் கூட்டி 21 என்று சொல்லும். கதையைக் கேட்பதை அது நிறுத்திவிட்டது என்பதே அதற்குப் பொருள்.

3. எண்களைத் தேர்ந்தெடுத்தல்

கதைக்கு அடுத்தபடியாக வழியைத் தீர்மானிப்பவை எண்கள். ஒரே கதையில் 11 − 2 கொடுத்தால் குழந்தை 'பத்து, ஒன்பது' என்று கீழே இறங்கும். 11 − 9 கொடுத்தால், ஒன்பது படி இறங்குவது தொல்லை என்று உணரும் குழந்தை 9-இலிருந்து மேலே ஏறும். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து, வழி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், கழித்தலுக்கும் கூட்டலுக்கும் உள்ள உறவை அது கையாளத் தொடங்கிவிட்டது.

20-க்குள் 13 − 4, 14 − 6 போன்றவை பத்தைத் தாண்டி இறங்குபவை. பத்தில் நின்று மூச்சு வாங்கும் பழக்கம் உள்ளதா என்பது இவற்றில்தான் தெரியும். 12 − 6 போன்றவை இரட்டிப்பு தெரிந்த குழந்தைக்கு உடனே விடை வந்துவிடுபவை. அவற்றிலிருந்து நமக்கு அதிகம் கிடைக்காது. ஆனால் 12 − 6 சொன்ன கையோடு 13 − 6 கேட்டால், முந்தைய விடையைப் பயன்படுத்துகிறதா என்று பார்க்கலாம்.

ஈரிலக்க எண்களுக்குப் போகும்போது 60 − 20, பிறகு 64 − 20, பிறகு 64 − 5, கடைசியாக 52 − 27 என்ற வரிசை பெரும்பாலும் ஒத்துவருகிறது. நடுவில் 61 − 58 ஒன்றைச் செருகுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் முறை ஏற்கெனவே வீட்டில் சொல்லித்தரப்பட்டிருக்கிறதா என்பது அந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்: முறை தெரிந்த குழந்தை பென்சிலை எடுக்கும், முறை தெரியாத குழந்தை 'மூணு' என்று சொல்லிவிடும்.

4. கதையைச் சொல்லிவிட்டு நிறுத்துதல்

கதையை வாய்மொழியாக, நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு குழந்தையையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எண்கள் மறந்துபோனதால் வரும் தவறு எது, சிந்தனையில் உள்ள தவறு எது என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை. எண்களை ஒரு தாளில் எழுதி வைப்பதில் தடையில்லை. குறிகள் மட்டும் வேண்டாம்.

பிறகு பேசாமல் இருங்கள். வகுப்பறையில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகவும் காரணங்களோடும் வருகின்றன என்றும் மேரி பட் ரோ 1970-களில் தம் ஆய்வுகளில் காட்டினார். விரல் விட்டு எண்ணும் குழந்தைக்கு மூன்று விநாடியும் போதாது. அது வேலை செய்துகொண்டிருக்கும் வரை, எத்தனை நேரம் ஆனாலும், நாம் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்கும் நேரத்தில் தலையாட்டுவது, புருவம் உயர்த்துவது, 'ம்ம், அப்படித்தான்' என்பது எல்லாமே விடை சொல்வதற்குச் சமம். குழந்தைகள் கணக்கைவிட முகத்தை நன்றாகப் படிப்பார்கள். பார்வையைக் குழந்தையின் முகத்தில் வைக்காமல் கையில் வைப்பது இதற்கு நல்ல மருந்து.

5. கேட்பதற்கு முன் பார்த்தல்

குழந்தை சொல்லும் விளக்கத்தைவிட, கணக்குப் போடும்போது அதன் கையும் உதடும் கண்ணும் செய்தவை சில சமயம் நம்பகமானவை. 13 மணிகளில் 5 போனால் என்ன என்ற ஒரே கதைக்கு வரக்கூடியவற்றை எடுத்துக்கொள்வோம்.

ஒரு குழந்தை 13 மணிகளை எண்ணி வைத்து, 5-ஐ ஒதுக்கி, எஞ்சியவற்றை ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணும். கதையில் வரும் ஒவ்வொன்றும் அதன் கண்முன் இருந்தாக வேண்டும். இது நேரடியாக நடித்துப் பார்க்கும் கட்டம்.

இன்னொரு குழந்தை மணியைத் தொடாது. 'பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு' என்று சொல்லிக்கொண்டே ஐந்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டும். இங்கே விரல்கள் மணிகளுக்குப் பதிலாக நிற்கவில்லை. எத்தனை படி இறங்கியாயிற்று என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்கின்றன. முதல் குழந்தையும் விரலால் எண்ணலாம், இரண்டாவது குழந்தையும் விரலால் எண்ணலாம். ஆனால் விரல் செய்யும் வேலை வேறு. 'விரல் விட்டு எண்ணினாள்' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் இந்த வேறுபாடு அழிந்துபோகும்.

மூன்றாவது குழந்தை 'பதிமூணுல மூணு போனா பத்து, இன்னும் ரெண்டு போனா எட்டு' என்று 5-ஐ உடைத்துப் பயன்படுத்தும். நான்காவது '12-ல 6 போனா 6, அப்ப 13-ல 6 போனா 7, 5 தான் போச்சுன்னா 8' என்று தெரிந்த ஒன்றிலிருந்து நகர்ந்து வரும். ஐந்தாவதுக்கு விடை நினைவிலேயே இருக்கும்.

இவை ஏணிப்படி போல ஒன்றன்பின் ஒன்றாக வருபவை என்று நினைத்துக் குழந்தையை ஒரு படியில் நிறுத்திப் பெயர் எழுதிவிடக் கூடாது. சின்ன எண்ணுக்கு உடைத்துப் போடும் குழந்தை, பெரிய எண் வந்ததும் மணிகளுக்குத் திரும்பும். எடுத்தல் கதைக்கு விரலில் இறங்கும் குழந்தை, ஒப்பிடும் கதைக்கு மணிகளை அடுக்கும். நீங்கள் குறிக்க வேண்டியது இந்தக் கதைக்கு, இந்த எண்களுக்கு, இந்த வழி என்பதைத்தான்.

நுணுக்கமாகப் பார்ப்பது என்ன தரும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. '8 இருக்கிறது, 13 ஆக இன்னும் எத்தனை வேண்டும்' என்ற கதைக்கு ஒரு சிறுமியின் உதடுகள் 'ஒன்பது, பத்து' என்று அசைந்தன; இரண்டு விரல்கள் ஒவ்வொன்றாக நீண்டன. அங்கே சற்று நின்றாள். பிறகு மற்ற மூன்று விரல்களும் ஒரே சமயத்தில் நீண்டன. '5' என்றாள். எப்படி என்று கேட்டபோது, 'எண்ணினேன்' என்பதற்கு மேல் சொல்லவில்லை. ஆனால் அவள் பத்து வரைதான் எண்ணினாள். பத்துக்கு அப்பால் 13 என்பது 3 என்பதை எண்ணாமலே எடுத்துக்கொண்டாள். பத்தில் நின்று உடைக்கும் வழி, அவளுக்கே பெயர் தெரியாமல், கையில் வந்துவிட்டிருக்கிறது. அடுத்து அவளுக்கு 7-இலிருந்து 14, 9-இலிருந்து 16 ஆகியவற்றைக் கொடுக்கலாம் என்று அந்த மூன்று விரல்கள் சொல்கின்றன.

6. கேள்வி கேட்டல்

விடை வந்ததும் 'சரி', 'தப்பு' இரண்டையும் சொல்லாமல், 'எப்படிக் கண்டுபிடிச்சே, சொல்லு' என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். முக்கியமாக முதல் சில கணக்குகளில் சரியான விடைகளுக்கே அதிகம் கேட்க வேண்டும். தவறும்போது மட்டும் கேட்டால், 'எப்படி?' என்ற சொல் கேட்டவுடன் ரப்பரை எடுத்து அழிக்கும் பழக்கம் வந்துவிடும். இது வந்தபின் மாற்றுவது கடினம்.

'ஏன் அப்படிச் செய்தாய்?' என்ற கேள்வியைத் தவிர்ப்பது நல்லது. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் 'ஏன்' என்பது பெரும்பாலும் கண்டிப்புக்கு முன்னால் வரும் சொல்லாகவே குழந்தைக்குப் பழகியிருக்கிறது.

முதல் கேள்வி பொதுவாக இருக்கலாம். இரண்டாவது கேள்வி குழந்தை சொன்ன ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 52 − 27-க்கு நடந்த ஓர் உரையாடல் இது.

'ஐம்பதுல இருபது போனா முப்பது. ரெண்டுல ஏழு போகாது. அஞ்சு பத்தல. இருபத்தஞ்சு.'

'அஞ்சு பத்தலன்னு சொன்னியே, எதுக்குப் பத்தல?'

'ஏழு குடுக்கணும் மிஸ். ரெண்டுதான் இருக்கு. ரெண்டையும் குடுத்துட்டேன். இன்னும் அஞ்சு குடுக்கணும்.'

'அந்த அஞ்சு எங்கேயிருந்து வந்தது?'

'முப்பதுலேர்ந்து எடுத்துட்டேன்.'

'இரண்டில் ஏழு போகாது' என்ற இடத்தில் பல ஆசிரியர்கள் குறுக்கிட்டு, 'ஆமாம், அதனால் பக்கத்திலிருந்து கடன் வாங்கணும்' என்று தம் வழியை நீட்டிவிடுவார்கள். இக்குழந்தைக்கு அது தேவையே இல்லை. எவ்வளவு குறைகிறது என்று கண்டு, அந்தக் குறையைப் பத்துகளிலிருந்து தீர்க்கும் ஒழுங்கான வழி அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது கேள்வி அதை வெளியே கொண்டுவந்தது. மூன்றாவது கேள்வி, குழந்தை முதலில் சொல்லாமல் விட்ட படியை அதன் வாயாலேயே சொல்ல வைத்தது.

'மனசுல போட்டேன்', 'தெரியும்' என்று மட்டும் சொல்லும் குழந்தையிடம் 'மனசுல முதல்ல எந்த எண் வந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், இக்கணக்கைச் சின்னக் குழந்தை ஒன்றுக்கு மணிகளை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகும் பேசவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த கணக்கைக் கொடுங்கள், கையைப் பாருங்கள். ஒரே கணக்குக்கு மூன்று கேள்விகளுக்கு மேல் போனால் அது விசாரணையாகிவிடும்.

7. குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதுதல்

குறிப்பேட்டில் கதையின் வகை, எண்கள், குழந்தையின் சொற்கள், கை செய்தது என்ற நான்கும் இருக்க வேண்டும். விடை சரியா தவறா என்பது ஐந்தாவதாக வந்தால் போதும். வகுப்பு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால், நம்மை அறியாமலே குழந்தையின் வழியை நம் வழிக்குத் திருத்திவிடுவோம். ஆகவே அங்கேயே எழுதுங்கள்.

குழந்தைக்கு முன்னால் தாளில் எழுதிக் காட்டும்போதும் அது சொன்ன வரிசையே வரவேண்டும். 52-இலிருந்து முதலில் 20, பிறகு 2, பிறகு 5 எடுத்த குழந்தைக்கு, ஒரு கோடு போட்டு வலது ஓரத்தில் 52 என்று குறித்து, இடப்புறமாக 32-க்கு ஒரு பெரிய தாவல், 30-க்கு ஒரு சின்னத் தாவல், 25-க்கு இன்னொரு தாவல் என்று வரையலாம். எண்கள் முன்கூட்டியே அச்சிடப்படாத வெற்று எண்கோடு இதற்கு மிகப் பொருத்தமானது. குழந்தை நின்ற இடங்கள் மட்டுமே அதில் இருக்கும்.

ஒரு பிழையை இங்கே கவனிக்க வேண்டும். குழந்தை பேசும் வேகத்தில் 52 − 20 = 32 − 2 = 30 − 5 = 25 என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது. 52 − 20-உம் 25-உம் சமம் என்றல்லவா அந்த வரி சொல்கிறது? சமக்குறியை 'அடுத்து வருவது' என்று புரிந்துகொள்ளும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. தனித்தனி வரிகளாக எழுதுங்கள், அல்லது அம்புக்குறி போடுங்கள்.

8. தவறான விடையைப் படித்தல்

குழந்தையின் கழித்தல் தவறுகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை அல்ல. ஒரு தவறான விதியைச் சரியாகக் கடைப்பிடிப்பதால் வருபவை. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, பல இலக்கக் கழித்தலில் மாணவர் செய்யும் பிழைகளை இவ்வாறு ஒழுங்கான விதிகளாகப் பிரித்துக் காட்டியது. விதி தெரிந்துவிட்டால், அது அபத்தமான விடையைத் தரும் ஒரு கணக்கைக் கொடுத்து, குழந்தையே மோதிக்கொள்ளும்படி விடலாம். 'தப்பு' என்று நாம் சொல்வதைவிட அது ஆழமாக இறங்குகிறது.

8 − 3 = 6. குழந்தை 'எட்டு, ஏழு, ஆறு' என்று மூன்று விரல்களை மடக்கி, கடைசியாகச் சொன்ன எண்ணை விடையாகச் சொல்கிறது. எடுக்கத் தொடங்கும் முன்னரே எட்டையும் ஒரு படியாக எண்ணிவிட்டது. இதே குழந்தைக்கு 8 − 1 கொடுங்கள். அதன் விதிப்படி 'எட்டு' என்று வரும். எட்டு மணியில் ஒன்று போனபின்னும் எட்டா என்று அதுவே விழிக்கும். அங்கிருந்து மணிகளை வைத்து மறுபடி 8 − 3-க்கு வரலாம்.

52 − 27 = 35. இடத்துக்கு இடம் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 'சின்னதிலிருந்து பெரியது போகாது' என்று எப்போதோ யாரோ சொன்னது இதற்கு வேர். இதற்கு 31 − 29-ஐக் கதையாகச் சொல்லுங்கள்: 31 பென்சில்கள், 29 கொடுத்தாயிற்று. கதைக்குக் குழந்தை 2 என்று சொல்லும். தாளில் எழுதிப் போடச் சொன்னால் 18 வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, 'எது சரியாக இருக்கும்?' என்று கேளுங்கள். சில குழந்தைகள் தயங்காமல் 18 என்பார்கள், எழுதியதுதான் உண்மை என்று. கணக்குக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அங்கே அறுந்திருக்கிறது. இக்குழந்தைக்குச் சில வாரங்கள் எழுத்துக் கணக்கை நிறுத்தி வைப்பதே என் பரிந்துரை.

52 − 27 = 19. குழந்தையின் வழியைக் கேட்டறியாதவருக்கு இது குருட்டு ஊகமாகத் தெரியும். கேட்டால், '27-க்குப் பதிலா 30 எடுத்தேன், 22. மூணு கூட எடுத்தேன்ல, அதனால மூணைக் கழிச்சேன்' என்று வரும். எண்ணம் அருமையானது; திசை மட்டும் மாறிவிட்டது. இதற்குத் திருத்தம் சொல்லாமல், 10 மணிகளில் 4 எடுப்பதற்குப் பதிலாக 5 எடுத்துவிட்டதாக நடிக்கச் சொல்லுங்கள். கூடுதலாக எடுத்த ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

403 − 187 = 316. கடன் வாங்கும் முறையை மனப்பாடம் செய்த குழந்தையிடம் வருவது. நடுவிலுள்ள பூஜ்யத்தை 9 ஆக்கியிருக்கிறது, ஒன்றுகளை 13 ஆக்கியிருக்கிறது, ஆனால் 4-ஐ 3 ஆக்கவில்லை. அதே குழந்தையிடம் '187 இருக்கிறது, 403 ஆக இன்னும் எத்தனை வேண்டும்?' என்று வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். 200 ஆக 13, பிறகு 203, ஆக 216 என்று பலர் கோடு கிழிக்காமலே சொல்லிவிடுகிறார்கள். பூஜ்யம் அந்த வழியில் தொல்லையே தருவதில்லை.

9. அடுத்த கணக்கைத் தீர்மானித்தல்

இதுவரை செய்ததெல்லாம் இந்த ஒரு முடிவுக்காகத்தான். விதி ஒன்றுதான்: கதை, எண் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால், வழி ஏன் மாறியது என்று உங்களால் சொல்ல முடியாது.

மணிகளை வைத்தே போடும் குழந்தைக்கு மணிகளைப் பிடுங்காதீர்கள். அதற்குப் பதிலாக 13 மணிகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு மூடி, அதிலிருந்து இரண்டை மட்டும் எடுத்து வெளியே வையுங்கள். உள்ளே இருப்பவை கண்ணுக்குத் தெரியாததால் முதலிலிருந்து எண்ண முடியாது. எடுத்தவை இரண்டே என்பதால் 'பன்னிரண்டு, பதினொன்று' என்று இறங்குவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

படிப்படியாக இறங்கியே போடும் குழந்தைக்கு 21 − 19 கொடுத்துப் பாருங்கள். 19 படிகள் இறங்கிக் களைத்துப் போனால், அதே எண்களுக்கு நிரப்புதல் கதையைச் சொல்லுங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாக வருவதை அதுவே கவனிக்கும்வரை நீங்கள் அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம்.

பத்தில் நின்று உடைக்கத் தொடங்கிய குழந்தைக்கு 34 − 6, 52 − 5 என அதே உடைப்பு ஈரிலக்கத்தில் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். இந்த வழியை அடுத்த வீட்டுக் குழந்தைக்கோ அடுத்த இருக்கைக் குழந்தைக்கோ 'இவளைப் போலப் போடு' என்று திணிப்பது வேண்டாத வேலை. அது இன்னொரு மனப்பாட முறையாகிவிடும்.

10. வகுப்பில் பகிரச் செய்தல்

முழு வகுப்பையும் ஒரே நாளில் தனித்தனியாகக் கேட்க முடியாது. எல்லாருக்கும் ஒரே கதையைக் கொடுத்து, அவர்கள் போடும்போது நடந்துகொண்டே நான்கைந்து குழந்தைகளிடம் மட்டும் நின்று கேளுங்கள். மறுநாள் வேறு நான்கைந்து பேர். யாரைக் கேட்டாயிற்று என்பதற்குப் பெயர்ப் பட்டியலில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளாவிட்டால், பேச்சாளிக் குழந்தைகளிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்போம்.

பகிரும் நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வழிகள் போதும். மணி வைத்துப் போட்ட குழந்தையை முதலில் அழையுங்கள். அதன் வழி எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். பின்னால் வரும் சுருக்கமான வழியை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சுருக்கமான வழியை முதலில் அழைத்தால், மணி வைத்த குழந்தை தன் கையை மடக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் பிறகு வேறொரு குழந்தையிடம் 'அவன் என்ன செய்தான், நீ சொல்லு' என்று கேட்பது, மற்றவர்களையும் கேட்க வைக்கும்.

11. கடன் வாங்கும் முறையை எப்போது கொண்டுவருவது

வீட்டிலும் மேல்வகுப்பிலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். தாமஸ் கார்ப்பெண்டர் குழுவினர் முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறையைக் கற்பதற்கு முன் தம் சொந்த வழிகளைப் பயன்படுத்திய குழந்தைகளுக்குப் பத்தடிமான எண்முறை நன்றாகப் புரிந்திருந்தது. தமக்குத் தெரிந்ததைப் புதிய சூழல்களுக்கு நீட்டிப்பதிலும் அவர்கள் மேலாக இருந்தனர். எனவே அவசரம் தேவையில்லை.

என் அளவுகோல் இது: குழந்தை 52-ஐ 'ஐந்து பத்தும் இரண்டும்' என்று மட்டுமல்லாமல் 'நான்கு பத்தும் பன்னிரண்டும்' என்றும் தானாகக் குச்சிகளால் அடுக்கிக் காட்டுமானால், எழுத்துமுறையில் நடக்கும் அடித்தல் திருத்தல் எதற்காக என்று அதற்குப் புரியும். பாடத்திட்டம் அதற்கு முன்பே முறையைக் கேட்டால், முறையைச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் ஒவ்வொரு எழுத்துக் கணக்குக்கும் முன்னால், 'விடை சுமார் எவ்வளவு வரும், உன் வழியில் சொல்லு' என்ற ஒரு கேள்வியை விடாமல் வையுங்கள். 403 − 187-க்கு 'இருநூத்துச் சொச்சம்' என்று முதலிலேயே சொல்லிவிட்ட குழந்தை, தாளில் 316 வந்தால் பென்சிலைக் கீழே வைக்காது.